காவலர் குறிப்பேட்டின் வழியே: லண்டனின் தன்பாலீர்ப்பு வரலாற்று நடைகள்

லண்டனில் கோவென்ட் கார்டனை ஒட்டிய எண்டெல் தெருவில், 81ஆம் எண் கட்டடத்தின் நிலவறையில், 1934ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஓர் இரவு விடுதி திறந்தது. பெயர் கேரவன் கிளப். ஊரிலேயே மரபுக்குக் கட்டுப்படாத இடம் இதுதான் என்று அதன் விளம்பரச் சீட்டு பெருமையாகச் சொன்னது. ஆண் ஆணோடும் பெண் பெண்ணோடும் அங்கே ஆடலாம், கன்னத்தில் சாயம் பூசிக்கொள்ளலாம், விடியும்வரை உட்கார்ந்திருக்கலாம். அக்கம்பக்கத்தார் புகார் எழுதினார்கள். சீருடை இல்லாத காவலர்கள் வாடிக்கையாளர்கள்போல உள்ளே போனார்கள். யார் யாரோடு ஆடினார், யார் முகத்தில் பவுடர் இருந்தது, யார் மடியில் யார் உட்கார்ந்தார் என்று குறித்துக்கொண்டு திரும்பினார்கள். ஆகஸ்ட் 25 அன்று அதிகாலையில் நடந்த சோதனையில் ஆண்களும் பெண்களுமாக 103 பேர் கைதானார்கள். விடுதி நடந்தது சில வாரங்கள் மட்டுமே.

அந்தச் சில வாரங்கள் நமக்குத் தெரிய வந்ததற்குக் காரணம் அந்தச் சோதனைதான். காவலர்களின் வாக்குமூலங்கள், கைதானவர்களின் பட்டியல், புகார்க் கடிதங்கள் எல்லாம் இன்று லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சோதனையின்போது கைப்பற்றிய பொருள்களில் ஒரு காதல் கடிதமும் உண்டு. மணமாகிக் குழந்தையும் இருந்த ஓர் இளைஞன், விடுதியை நடத்திய இருவரில் ஒருவருக்கு எழுதியது. எழுதியவன் அதைத் தன் நண்பன் மட்டுமே படிப்பான் என்று நம்பினான். அரசுத் தரப்பு அதைச் சான்றாக்கியது. 90 ஆண்டுகளாகியும் நாம் படிக்கக் கிடைப்பது அப்படித்தான்.

2017 மார்ச்சில் பிரிட்டனின் தேசிய அறக்கட்டளையும் ஆவணக் காப்பகமும் சேர்ந்து, கேரவன் கிளப்பைப் பக்கத்துத் தெருவிலிருந்த ஒரு மதுக்கூடத்தில் மறுபடி உருவாக்கின. அதையொட்டி சோஹோ தெருக்களில் நடைகளும் நடந்தன. திரைச்சீலை எங்கே தொங்கியது, இருக்கைகள் எப்படிக் கிடந்தன என்ற விவரங்களுக்கு அவர்கள் நாட வேண்டியிருந்தது காவல்துறையின் கோப்பைத்தான். வழக்குத் தொடுக்கச் சேர்த்த சான்றுகள் கொண்டாட்டத்துக்கான குறிப்புகளாயின.

லண்டனில் இன்று இத்தகைய நடைகள் பலவகை. சோஹோவைச் சுற்றி இரண்டு மணி நேரம் போகும் கட்டண நடைகள் உண்டு. 'குயர் டூர்ஸ் ஆஃப் லண்டன்' போன்ற செயற்பாட்டாளர் குழுக்களின் நடைகளில் வரலாறும் போராட்டமும் நாடகமும் கலந்திருக்கும். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் தன்னார்வலர்கள் கூடத்துக்குக் கூடம் அழைத்துப்போய்ச் சிற்பங்களுக்கும் உடைகளுக்கும் பின்னாலிருக்கும் காதல்களைச் சொல்கிறார்கள். ஒரு சமூகம் தன் ஊரின் தெருக்களில் தனக்கும் பழைய பாத்தியதை உண்டு என்று கூட்டமாக நடந்து காட்டுவது பெரிய காரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் இங்கே கேட்க விரும்பும் கேள்வி வேறு. இந்த நடைகள் எந்தக் கதவின் முன் நிற்கின்றன, எந்தக் கதவைக் கடந்து போய்விடுகின்றன? அதை முடிவு செய்தது யார்? தேடிப் பார்த்தால், பாதையின் பெரும்பகுதியை வகுத்துக் கொடுத்தவர் ரோந்து போன காவலரும் தீர்ப்பு எழுதிய நீதிபதியும்தான் என்று தெரிகிறது.

பாதையின் மிகப் பழைய நிறுத்தம் 1726. ஹோல்போர்ன் பகுதியில் ஃபீல்ட் லேன் என்ற சந்தில் மார்கரெட் கிளாப் என்ற பெண் ஒரு வீடு வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் நாற்பது ஐம்பது ஆண்கள் அங்கே கூடுவார்கள். பெண்போலப் பேசி, நளினமாக வணங்கி, ஆடி, முத்தமிட்டு, கதவுக்கு அப்பால் கட்டில் போட்ட அறைக்குச் சோடியாகப் போய்வருவார்கள். அப்படிப் போவதைக் 'கல்யாணம்' என்று சொல்லிக்கொண்டார்கள். இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ், ஒழுக்கச் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் வேவு பார்க்கப் போனவர். பிப்ரவரியில் ஒருநாள் இரவு வீட்டைச் சுற்றி வளைத்து நாற்பது பேரைப் பிடித்தார்கள். பால்காரர் கேப்ரியல் லாரன்ஸ், மெத்தை தைப்பவர் வில்லியம் கிரிஃபின், கம்பளி சீவும் தொழிலாளி தாமஸ் ரைட் ஆகிய மூவரும் மே 9 அன்று டைபர்னில் தூக்கிலிடப்பட்டார்கள். மார்கரெட் கிளாப்பை ஸ்மித்ஃபீல்ட் சந்தையில் கழுத்தும் கையும் மரச்சட்டத்தில் மாட்டி நிறுத்தினார்கள். அபராதமும் இரண்டாண்டுச் சிறையும் தனி. நான் ஒரு பெண், இந்தக் காரியங்களில் எனக்குப் பங்கிருக்கும் என்று நினைக்க முடியுமா என்று அவள் நீதிமன்றத்தில் கேட்டாள். அந்த வாதத்துக்குப் பின்னால் திரும்பி வருவேன்.

ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் விசாரணைகள் 1674 முதல் 1913 வரை அச்சில் வெளிவந்தன. கிட்டத்தட்ட 2 லட்சம் வழக்குகள். இன்று இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். 1726 ஜூலையில் நடந்த வில்லியம் பிரவுன் என்பவரின் வழக்கும் அதில் இருக்கிறது. மூர்ஃபீல்ட்ஸ் திடலில் ஒரு சுவரை ஒட்டி ஓடிய பாதைக்கு அந்நாளில் 'சோடமைட்டுகளின் நடைபாதை' என்றே பெயர். ஆண்கள் அங்கே நின்றும் நடந்தும் ஒருவரையொருவர் கண்டுகொள்வார்கள். பிடிபட்ட ஒருவரைத் தூண்டிலாக அனுப்பி பிரவுனைப் பிடித்தார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, என் உடம்பை என் விருப்பப்படி வைத்துக்கொள்வதில் குற்றமென்ன என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகக் காவலர் சாட்சி சொன்னார். 1726இல் ஒரு சாமானியன் சொன்ன சொல் இது. மெய்யியலாளர்கள் இதைப் புத்தகத்தில் எழுதத் துணிய இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. அவரைச் சிறைக்கு அனுப்புவதற்காகத்தான் அந்தச் சொல்லைத் தாளில் ஏற்றினார்கள். இன்றைய ஃபின்ஸ்பரி சதுக்கத்தின் தென்புறம் நடப்பவர்கள் ஏறத்தாழ அந்தப் பாதையின் மேல்தான் நடக்கிறார்கள்.

பாதையில் என்னை அதிகம் நிறுத்தும் இடம் கிளேர் மார்க்கெட். 1810ஆம் ஆண்டு ஜூலை 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, அதையொட்டிய வியர் தெருவில் 'ஒயிட் ஸ்வான்' என்ற மதுக்கடைக்குள் காவலர்கள் புகுந்தார்கள். செப்டம்பர் 27 அன்று ஆறு பேரை ஹேமார்க்கெட்டில் மரச்சட்டத்தில் நிறுத்தினார்கள். லண்டனே திரண்டுவிட்டது. கடைகள் அடைத்தார்கள். அழுகிய மீன், செத்த பூனை, சாணி, சேறு இவற்றைக் கூடைகளில் வைத்துக்கொண்டு பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். எறிபட்டவர்களின் முகத்தில் மனித அடையாளமே மிஞ்சவில்லை என்னும்படி பத்திரிகைகள் எழுதின, அருவருப்போடும் திருப்தியோடும். அடுத்த ஆண்டு மார்ச்சில் இன்னும் இருவரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் ஒருவன் 16 வயது முரசடிக்கும் சிறுவன்.

வியர் தெரு இப்போது இல்லை. 1900ஐ ஒட்டி கிங்ஸ்வே சாலைக்காக அந்த வட்டாரத்தையே இடித்துத் தள்ளினார்கள். ஆனால் கிளேர் மார்க்கெட் என்ற பெயர் லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் வளாகத்துக்குள் ஒரு சிறு தெருவில் பிழைத்திருக்கிறது. 1970ஆம் ஆண்டு அக்டோபர் 13 அன்று அந்தக் கல்லூரியின் கீழ்த்தள வகுப்பறை ஒன்றில் இருபது பேருக்கும் குறைவானவர்கள் கூடினார்கள். கூட்டியவர்கள் பாப் மெல்லர்ஸ், ஆப்ரி வால்ட்டர். இருவரும் அந்தக் கோடையில் அமெரிக்காவில் கறுஞ்சிறுத்தைகள் கட்சி நடத்திய மாநாட்டில் சந்தித்துக்கொண்டவர்கள். அன்று பிறந்ததுதான் பிரிட்டனின் கே விடுதலை முன்னணி. சில மாதங்களில் வகுப்பறை போதவில்லை; நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள். ஒயிட் ஸ்வான் இருந்த இடத்துக்கும் இந்த வகுப்பறைக்கும் சில நிமிட நடைதான். அந்த மாணவர்களில் எத்தனை பேருக்கு 1810 தெரிந்திருக்கும்? பள்ளியில் யாரும் அதைச் சொல்லித் தந்திருக்க முடியாது. இடங்களை வரிசையாகக் காலால் தொடுவதன் பயன் இங்கேதான் எனக்குப் புலப்படுகிறது. புத்தகத்தில் இரு வேறு அத்தியாயங்களில் கிடக்கும் இவ்விரண்டும் நடையில் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன.

பிடிபட்டவர்கள் ஏன் பெரும்பாலும் பால்காரரும் கூலித்தொழிலாளியும் சிப்பாயும் வேலைக்காரருமாகவே இருக்கிறார்கள்? 1835இல் ஒரு மாஜிஸ்திரேட் இதற்கு நேர்மையான பதில் எழுதினார். தேம்ஸுக்குத் தெற்கே சவுத்வார்க்கில் ஒரு முதியவரின் வாடகை அறையில் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் இருவரும் சந்தித்தார்கள். வீட்டுக்காரர் சந்தேகப்பட்டு, பக்கத்துக் கொட்டில் பரணிலிருந்து எட்டிப் பார்த்தார்; பிறகு மனைவியோடு சாவித் துவாரத்தில் கண் வைத்தார். கதவை உடைத்துக்கொண்டு போய்ப் பிடித்தார். வழக்கை மேல்நீதிமன்றத்துக்கு அனுப்பிய ஹென்ஸ்லி வெட்ஜ்வுட், பின்னர் உள்துறை அமைச்சருக்குக் கருணை கேட்டு எழுதினார். இந்தக் குற்றத்தால் எவருக்கும் தீங்கு இல்லை; பணக்காரன் சொற்பச் செலவில் தனக்கென ஓர் இடத்தை அமைத்துக்கொள்கிறான், மாட்டிக்கொள்பவன் அறை இல்லாத ஏழை என்பது அவர் வாதத்தின் சாரம். பலன் இல்லை. 1835 நவம்பர் 27 அன்று நியூகேட் சிறை வாசலில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். இந்தக் குற்றத்துக்காக இங்கிலாந்து தூக்கிலிட்ட கடைசி இருவர் அவர்கள். சில வாரங்களுக்கு முன் சிறையைப் பார்க்க வந்த இளம் பத்திரிகையாளர் சார்லஸ் டிக்கன்ஸ் அவர்களைத் தொலைவிலிருந்து பார்த்துப் பெயர் சொல்லாமல் எழுதியிருக்கிறார். அறைக்கு வாடகை கொடுத்த முதியவரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

வெட்ஜ்வுட் சொன்னது இந்த வரலாறு முழுவதற்கும் பொருந்தும். நடைகள் தெருவையும் பூங்காவையும் கழிப்பிடத்தையும் மதுக்கடையையும் சுற்றி வருவதற்குக் காரணம், அறை இல்லாதவர்களுக்குத் தெருவே அறையாக இருந்தது என்பதுதான். மாட் ஹவுல்ப்ரூக் 2005இல் வெளியிட்ட 'குயர் லண்டன்' என்ற ஆய்வு, 1918 முதல் 1957 வரையிலான காவல் கோப்புகளை வைத்து இதை விரிவாகக் காட்டியது. காவலரின் கண் எட்டாத இடங்களும் இருந்தன: வசதியானவர்களின் அடுக்ககங்கள், தனியார் கிளப்புகள், நாட்டுப்புற மாளிகைகள். அந்தச் சுவர்களுக்குள் நடந்தவை நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் நாவல்களிலும் வேறு தொனியில் பதிவாயின. கோர்டன் சதுக்கத்தில் புளூம்ஸ்பரி எழுத்தாளர்களின் வீடுகள் முன் நிற்கும்போது நமக்குக் கிடைப்பது அவர்களே எழுதிய சொற்கள். ஃபீல்ட் லேனில் கிடைப்பது அங்கே கூடியவர்களுக்கு எதிராக எழுதப்பட்ட சொற்கள். ஒரே நடையில் இரண்டையும் கேட்கும்போது இந்த வேறுபாட்டை வழிகாட்டி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், உயர்குடியினர் காதலித்தார்கள், ஏழைகள் குற்றம் செய்தார்கள் என்ற எண்ணம் கேட்பவர் மனதில் தானாகவே படிந்துவிடும்.

1937இல் 'ஃபார் யுவர் கன்வீனியன்ஸ்' என்றொரு சிறு புத்தகம் வந்தது. ஆசிரியர் பெயர் பால் ப்ரை. உண்மையில் எழுதியவர் தாமஸ் பர்க். லண்டனில் சுற்றும் கனவான்களுக்கு அவசரத்துக்கு எங்கே கழிப்பிடம் இருக்கிறது என்று சொல்லும் உரையாடல் அது. அட்டைக்கு உட்புறம் கழிப்பிடங்களைக் குறித்த வரைபடமும் உண்டு. புரிய வேண்டியவர்களுக்கு அது எதற்கான வரைபடம் என்று புரிந்தது. அச்சில் வந்த முதல் வழிகாட்டி என்று இதைத்தான் வைக்க வேண்டும். காவலரின் பட்டியலில் இருந்த அதே இடங்கள், இம்முறை அங்கே போக விரும்புகிறவனுக்காக எழுதப்பட்டவை.

இப்போது மார்கரெட் கிளாப்பின் வாதத்துக்கு வருவோம். நான் பெண், ஆகவே இதில் எனக்குப் பங்கில்லை என்றாள் அவள். ஆங்கிலச் சட்டம் அடுத்த 200 ஆண்டுகள் ஏறக்குறைய அவள் கட்சியிலேயே நின்றது. 1885இல் ஹென்றி லாபுஷேர் சேர்த்த பிரிவு ஆண்களுக்கிடையிலான 'மோசமான அநாகரிகச் செயல்' அனைத்தையும் குற்றமாக்கியது. 1895இல் ஆஸ்கர் வைல்டைச் சிறைக்கு அனுப்பியது அதுதான். பெண்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 1921இல் பெண்களையும் சேர்க்க காமன்ஸ் சபை ஒரு பிரிவை நிறைவேற்றியது. பிரபுக்கள் சபை அதை நிராகரித்தது. காரணம் கருணை இல்லை. இப்படி ஒன்று உண்டு என்பதே பெரும்பாலான பெண்களுக்குத் தெரியாது, சட்டம் போட்டு நாமே ஏன் தெரிவிக்க வேண்டும் என்று பிரபுக்கள் பேசினார்கள். மௌனத்தைத் திட்டமிட்டே தேர்ந்தார்கள்.

அந்த மௌனத்தால் பெண்கள் சிறையிலிருந்து தப்பினார்கள். ஆனால் கோப்பு இல்லை, விசாரணை இல்லை, வாக்குமூலம் இல்லை. எந்த வீட்டில் எந்தப் பெண்கள் கூடினார்கள் என்று எந்தக் காவலரும் எழுதி வைக்கவில்லை. விளைவை எந்த நடையிலும் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆண்கள். பெண்கள் வந்தால் பெரும்பாலும் எழுத்தாளர்களாகவோ பிரபு குடும்பத்தினராகவோ வருகிறார்கள். துணி துவைத்தவளும் தொழிற்சாலைக்குப் போனவளும் வருவதில்லை.

பெண்கள் நீதிமன்றப் பதிவுக்குள் பெரிதாக நுழைந்தது ஒரு புத்தகத்தின் வழியாக. ராட்கிளிஃப் ஹாலின் 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்' நாவலை 1928 நவம்பரில் போ தெரு நீதிமன்றத்தில் சர் சார்ட்ரஸ் பைரன் ஆபாசம் என்று தீர்ப்பளித்து அழிக்க உத்தரவிட்டார். அதே நீதிமன்றத்துக்குத்தான் 1895இல் வைல்டைக் கொண்டுவந்தார்கள். 1934இல் கேரவன் கிளப்பில் பிடிபட்டவர்களையும் கொண்டுவந்தார்கள், வேடிக்கை பார்க்கத் தெருவில் கூட்டம் நின்றது. ஓப்பரா அரங்குக்கு எதிரே இருக்கும் அந்தக் கட்டடம் 2006இல் நீதிமன்றமாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. இப்போது சொகுசு ஹோட்டல். ஒரு பகுதியில் காவல்துறை அருங்காட்சியகம். இந்த வரலாற்றின் முடிச்சுகள் இத்தனை ஒரே வாசலில் சேருமிடம் லண்டனில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

செல்சியில் கிங்ஸ் சாலை 239ஆம் எண் கட்டடத்தின் கீழ் 'கேட்வேஸ்' இருந்தது. பக்கத்துத் தெருவான பிராமர்ட்டன் தெருவில் பச்சை நிறக் கதவு. திறந்தால் செங்குத்தான படிகள். கீழே ஜன்னலே இல்லாத நீண்ட அறை, சுவரெல்லாம் ஓவியம். 1930களிலிருந்தே இயங்கிய இடம். 1943இல் டெட் வேர் கைக்கு வந்தபின் பெண்கள் கூடும் இடமாக மெல்ல மாறியது. பின்னர் அவர் மனைவி ஜினாவும், ஸ்மித்தி என்று எல்லோரும் அழைத்த அமெரிக்கப் பெண்ணும் நடத்தினார்கள். 1967இலிருந்து பெண்களுக்கு மட்டும். செவிலியர், ஆசிரியை, ராணுவத்தில் இருந்தவர்கள், ஆலைத் தொழிலாளி, அவ்வப்போது நடிகை என்று பலரும் வந்தார்கள். சூட் அணிந்த பெண்ணும் கவுன் அணிந்த பெண்ணும் ஒட்டி ஆடிய அந்தத் தளத்தில் நெருக்கடி எப்போதும் இருந்தது. 1968இல் 'தி கில்லிங் ஆஃப் சிஸ்டர் ஜார்ஜ்' படத்துக்காக உள்ளேயே படப்பிடிப்பு நடந்தபோது உறுப்பினர்களே திரையில் ஆடினார்கள். படம் வெளியானால் வீட்டிலும் வேலையிடத்திலும் தெரிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1971இல் கே விடுதலை முன்னணியினர் வாசலில் வந்து, மறைந்து வாழாதீர்கள் என்று துண்டறிக்கை கொடுத்தார்கள். ஜினாவுக்கு அது பிடிக்கவில்லை. காவலர்கள் வந்து சிலரைக் கைது செய்தார்கள். வந்தவர்களின் வேகம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேலையையும் பிள்ளைகளையும் இழக்கும் அச்சத்தோடு படியிறங்கிய பெண்களுக்கு அந்தக் கதவு மூடியிருந்ததுதான் பாதுகாப்பு. நான் ஜினாவின் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறேன். கேட்வேஸ் 1985இல் மூடியது.

இவ்வளவும் தெரிய வந்தது காவல்துறையால் அல்ல. ஜில் கார்டினர் என்ற ஆய்வாளர் அங்கே போன பெண்களைத் தேடிப்பிடித்துப் பேசவைத்து, 2003இல் நூலாக்கினார். அதற்கு முன்பே 1980களில் ஹால்-கார்ப்பென்டர் வாய்மொழி வரலாற்றுத் திட்டம் ஆண்கள் பெண்கள் இரு தரப்பினரின் நினைவுகளையும் ஒலிநாடாவில் பதிந்தது. அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1964இல் தொடங்கிய 'அரீனா த்ரீ' என்ற பெண்களின் சிற்றிதழைப் பற்றி ஒரு செய்தி உண்டு: மணமான பெண் சந்தா கட்டக் கணவனின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கேட்டார்கள். வழக்கு வந்துவிடக் கூடாதே என்ற பயம். எந்தச் சட்டமும் தொடாத பெண்களின் வாழ்க்கைமேலும் சட்டத்தின் நிழல் எப்படி விழுந்தது என்பதற்கு இந்த ஒரு விதி போதும்.

1967இல் ஆண்களுக்கான தடை தளர்ந்தது. இருவரும் 21 வயது கடந்தவர்கள், இடம் தனிமையானது, ஊர் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் என்ற நிபந்தனைகளோடு. மூன்றாவது ஆள் வீட்டில் இருந்தாலே தனிமை இல்லை என்று பொருள் கொண்டார்கள். வெட்ஜ்வுட் சுட்டிய அதே பிளவு: அறை இருப்பவனுக்கு விடுதலை, இல்லாதவனுக்கு வழக்கு. அடுத்த பத்தாண்டில் பொது இடங்களில் பிடிபட்டவர்கள் மேலான வழக்குகள் கூடவே செய்தன. அப்படியொரு கைதைக் கண்டித்துத்தான் 1970 நவம்பர் 27 இரவு ஹைபரி ஃபீல்ட்ஸ் பூங்காவில் 150 பேர்போலத் தீப்பந்தங்களோடு கூடினார்கள். பிரிட்டனில் தன்பாலீர்ப்பாளர்கள் வெளிப்படையாக நடத்திய முதல் ஆர்ப்பாட்டம் அது. பிராட்டையும் ஸ்மித்தையும் தூக்கிலிட்ட அதே தேதி, 135 ஆண்டுகள் கழித்து. கூடியவர்கள் அதை எண்ணி நாள் குறித்திருக்க வழியில்லை. 1972 ஜூலை 1 அன்று லண்டனின் முதல் பிரைடு ஊர்வலம் போனது. இதற்குப் பிந்திய காலத்துக்கு வழிகாட்டிகள் காவல் கோப்புகளை நம்பியிருக்க வேண்டியதில்லை. மக்களே துண்டறிக்கைகளையும் படங்களையும் சேர்த்துவைத்தார்கள். பிஷப்ஸ்கேட் நிறுவனத்தின் காப்பகத்தில் அவற்றை யாரும் போய்ப் பார்க்கலாம்.

மார்ச்மான்ட் தெரு 66ஆம் எண்ணில் 1979 முதல் 'கே'ஸ் தி வேர்டு' புத்தகக் கடை இருக்கிறது. 1984இல் சுங்கத் துறையினர் புகுந்து, வெளிநாட்டிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான புத்தகங்களை ஆபாசம் என்று அள்ளிப்போனார்கள். வழக்கு 1986இல் கைவிடப்பட்டது. அதே கடையில்தான் வேலைநிறுத்தம் செய்த வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்காக நிதி திரட்டிய குழு கூடியது; அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்க் ஆஷ்டனின் நினைவுப் பலகை கடை முகப்பில் இருக்கிறது. அங்கிருந்து சில நிமிடத்தில் வேக்ஃபீல்ட் தெரு. 1870இல் பெண்ணுடையில் நாடக அரங்குக்குப் போய்க் கைதான ஃபேனியும் ஸ்டெல்லாவும், சட்டப்படி ஃபிரெடரிக் பார்க்கும் எர்னஸ்ட் போல்ட்டனும், தங்கள் கவுன்களை வைத்திருந்த வீடு அங்கே. ஜூரி அவர்களை விடுதலை செய்தது. இந்த இரு தெருக்களும் சேர்ந்தது நடைகளில் மிக மகிழ்ச்சியான பகுதி என்பேன்.

சோஹோவில் ஓல்டு காம்ப்டன் தெருவில் அட்மிரல் டங்கன் மதுவிடுதி. 1999 ஏப்ரல் 30 மாலை அங்கே வெடித்த ஆணிக் குண்டு மூவரைக் கொன்றது. அவர்களில் ஒருவர் கணவரோடு வந்திருந்த கருவுற்ற பெண். 70க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அதற்கு முந்தைய இரு வாரங்களில் அதே ஆள் கறுப்பினத்தவர் வாழும் பிரிக்ஸ்டனிலும் வங்காளிகள் வாழும் பிரிக் லேனிலும் குண்டு வைத்திருந்தான். மூன்று குண்டுகளையும் ஒரே வெறுப்பின் வேலையாகச் சொல்லும் வழிகாட்டிகளை மதிக்கிறேன். சோஹோ குண்டை மட்டும் பிரித்தெடுத்துச் சொன்னால் நடந்ததில் பாதிதான் கேட்பவருக்குக் கிடைக்கும்.

இரண்டு மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டியிருப்பதால் பாதை நகரின் நடுவைவிட்டு நகர்வதில்லை. 1970களில் பிரிக்ஸ்டன் ரெயில்டன் சாலையில் கே ஆண்கள் காலி வீடுகளில் குடியேறிச் சேர்ந்து வாழ்ந்தது விட்டுப்போகும். டஃப்னெல் பார்க்கில் 1995இல் தொடங்கிய 'கிளப் காளி', பாங்ராவும் பாலிவுட்டும் ஒலிக்கத் தெற்காசியர்கள் அச்சமின்றி ஆடிய இடம், அதுவும் விட்டுப்போகும். கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்களின் 'ருக்கஸ்' ஆவணத் தொகுப்பு லண்டன் நகர ஆவணக் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறது. ஆனால் அதிலுள்ள முகவரிகள் சோஹோவுக்கு வெளியே சிதறிக் கிடக்கின்றன. இடங்களும் மறைந்துகொண்டிருக்கின்றன. லண்டன் பல்கலைக் கல்லூரியின் ஆய்வு ஒன்று, 2006க்கும் 2017க்கும் இடையில் நகரின் இத்தகைய விடுதிகளில் பாதிக்கும் மேல் மூடிவிட்டதாகக் கண்டது. வாடகை, நிலத்தின் விலை, பெருங்கட்டுமானங்கள் ஆகியவை முக்கியக் காரணங்கள். 2015இல் ராயல் வாக்ஸ்ஹால் டேவர்ன் மதுவிடுதியைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்க வைத்தது அங்கே வந்துபோனவர்களின் போராட்டம். தன்பாலீர்ப்பு வரலாற்றுக்காகவே பிரிட்டன் அப்படி அறிவித்த முதல் கட்டடம் அது.

நடையை வடிவமைப்பவர்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். ஒவ்வொரு நிறுத்தத்திலும், இந்த இடம் நமக்கு யார் மூலம் தெரிய வந்தது என்பதையும் கதையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வேவுகாரர் சொன்னதா, நண்பர் சொன்னதா, தானே சொன்னதா? அதைக் கேட்டால் பெண்கள் இல்லாத இடைவெளி நமக்குக் கண்ணில்படும். அது அவர்கள் வாழவில்லை என்பதன் அடையாளமாகத் தோன்றாது.

லண்டனின் இந்தக் காகிதங்கள் லண்டனோடு நிற்கவில்லை. பிராட்டையும் ஸ்மித்தையும் தூக்கிலிட்ட அதே 1830களில் மெக்காலேயின் சட்ட ஆணையம் இந்தியத் தண்டனைச் சட்டத்தை எழுதத் தொடங்கியது. 377ஆம் பிரிவோடு அது 1862இல் நடைமுறைக்கு வந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று வயதுவந்தோரின் மனமொத்த உறவை இந்திய உச்ச நீதிமன்றம் அதிலிருந்து விடுவித்தது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் அதே வழியில் 365ஆம் பிரிவு வந்தது. லாபுஷேரின் சாயலில் 365ஏ பிறகு சேர்ந்தது. அதுவும் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது 'ஆண்கள்' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பொதுச்சொல்லை வைத்தார்கள். அதனால் பெண்களும் குற்றவாளிகளானார்கள். தண்டனையை நீக்கும் தனிநபர் மசோதா அரசமைப்புக்கு முரணானதல்ல என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்ன பிறகும் மசோதா சட்டமாகவில்லை. 1921இல் லண்டன் பிரபுக்கள் எழுத மறுத்த விதி கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.